சென்சாரை மாற்றும் முன் போல்ட்டைப் பாருங்கள்



நமது டிரஸ்ட்டின் வட்டியில்லாக் கடனில் பெட்ரோல் பிக்கப் வண்டி வாங்கிய தம்பி ஒருவர், ஆரம்பத்தில் ஒழுங்காகத் தவணை கட்டி வந்தார். பிறகு இரண்டு மாதம் கட்டவில்லை. ஆள் அனுப்பிக் கேட்பது முறையல்ல என்று நானே அவர் வீட்டுக்குப் போனேன். விடியற்காலையில் உக்கடம் மீன் மார்க்கெட் லோடு, பகலில் திருப்பூருக்குப் பனியன் பண்டல் என்று ஓடிக்கொண்டிருந்த வண்டி, பகல் பதினொரு மணிக்கு வாசலில் நின்றிருந்தது.

டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்திருக்கிறது. பெட்ரோலும் வழக்கத்தைவிட அதிகம் குடித்திருக்கிறது. ஒரு பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று புதியது போட்டார்கள். பத்து நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது. போட்ட சென்சார் சரியில்லை என்று இன்னொன்று போட்டார்கள். அப்போதும் எரிந்தது. இரண்டு மாதத் தவணை அந்த இரண்டு சென்சாரில் போய்விட்டது. இதையெல்லாம் தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போது, உள்ளேயிருந்து அவருடைய தாயார் ஒரு வார்த்தை சொன்னார்: "போகும்போது நல்லாத்தான் போறான், திரும்பி வரும்போது தலை வலிக்குது, கிறுகிறுங்குதுங்கிறான். பித்தமா இருக்கும்னு கஷாயம் வச்சுக் கொடுக்கிறேன்."

மறுநாள் காலை, வயதில் மூத்த மெக்கானிக் பாய் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போதே சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப் வந்து சேரும் இணைப்பில் மூன்று நட்டுகள். அந்த இணைப்பின் ஓரத்தில் மை தீற்றியதுபோல ஒரு கறுப்புக் கோடு. ஒரு நட்டு விரலாலேயே சுழன்றது. இன்னொன்றை யாரோ பலம் கொண்ட மட்டும் முறுக்கியதில், அதன் ஸ்டட் இழுபட்டுக் கழுத்து மெலிந்திருந்தது. மூன்றாவது மட்டும்தான் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"சென்சாரு பொய் சொல்லல தம்பி. அதுக்கு வர்ற புகைதான் தப்பு" என்றார் பாய்.

விசாரித்ததில், சில மாதங்களுக்கு முன் கிளட்ச் வேலைக்காக சைலன்சரை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியவர் கை அளவில் முறுக்கியிருக்கிறார். ஒரு கேஸ்கட், மூன்று ஸ்டட், மூன்று நட்டு போட்டு முறையாக முறுக்கியதும் விளக்கு அணைந்தது. செலவு ஒரு நாள் வாடகையைவிடக் குறைவு.

நம் மஹல்லாவில் பிக்கப், குட்டியானை ஓட்டிப் பிழைப்பவர்கள் பலர். பட்டறையில் தொழில் பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இம்மாதப் பாடம். நான் மெக்கானிக் அல்ல, கல்லூரியில் பௌதிகம் படித்தவன். படித்ததையும் பாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், ஒரு நட்டு தளர்ந்ததற்கும் பெட்ரோல் செலவுக்கும் என்ன சம்பந்தம்? 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் புதிய வண்டிகள் பி.எஸ். 6 தரத்தில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அதன் இரண்டாம் கட்டம் வந்து, வண்டியின் கம்ப்யூட்டர் தன் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களை இன்னும் கூர்மையாகக் கண்காணிக்கிறது. ஆக்சிஜன் சென்சார் என்பது இன்ஜினிலிருந்து வெளிவரும் புகையில் எரியாத ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்லும் கருவி. மிச்சம் அதிகமாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் பொருள் கொள்ளும், கூடுதலாகப் பெட்ரோல் விடும்.

இன்ஜின் புகையைத் தொடர்ச்சியாகத் தள்ளுவதில்லை, துடிப்புத் துடிப்பாகத் தள்ளுகிறது. இரண்டு துடிப்புக்கு இடையில் பைப்பினுள் அழுத்தம் குறையும். இணைப்பில் இடுக்கு இருந்தால் அந்த நேரத்தில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அந்தக் காற்றின் ஆக்சிஜனையும் சேர்த்துச் சொல்கிறது. கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலைக் கொட்டுகிறது. இப்படியே பல மாதம் ஓடினால் பின்னாலிருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிக் கெடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய சாதனம் அது. அதன் விலையைக் கேட்டால் சென்சார் விலை பெரிதாகத் தெரியாது.

தாயார் சொன்ன தலைவலிக்கு வருகிறேன். சிறிய பிக்கப் வண்டிகள் பலவற்றில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இணைப்பில் கசியும் புகை முதலில் ஏறுவது ஓட்டுநரின் கேபினுக்குள்தான். அதில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தம் ஆக்சிஜனை எடுத்துச் செல்வதையே அது தடுத்துவிடும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி ஆகியவை இதன் அறிகுறிகள். பித்தத்துக்கும் இவையே வரும் என்பதால்தான் ஏமாந்துபோகிறோம். வித்தியாசம் என்னவென்றால், இது வண்டியில் இருக்கும்போது வரும், வெளிக்காற்றில் நின்றால் குறையும். கூட உட்கார்ந்து வந்தவருக்கும் ஒரே நேரத்தில் வரும். அப்படி வந்தால் உடனே வண்டியை நிறுத்தி இறங்கிவிட வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போனால் புகையைப் பற்றியும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். லோடு இறங்கும்வரை இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேபினில் தூங்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இருந்தால், தயவுசெய்து வீட்டிலுள்ளவர்கள் கண்டியுங்கள். அந்தத் தம்பிக்கு அல்லாஹ்வின் கிருபையால் தலைவலியோடு போயிற்று. இணைப்பைச் சரிசெய்த பிறகு அதுவும் நின்றது.

இனி முறுக்கும் விஷயம். போல்ட் என்பது இறுகிய ஆணி அல்ல, அது ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப இழுக்கும் அந்த இழுவைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. லோடுக்குக் கயிறு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு தளர்ந்தால் பண்டல் சரியும், மிதமிஞ்சி இழுத்தால் அட்டைப்பெட்டி நசுங்கும் அல்லது கயிறு அறும். போல்ட்டும் ஓர் அளவுக்கு மேல் இழுபட்டால் ஸ்பிரிங் தன்மையை இழந்து நீண்டபடியே நின்றுவிடும். பார்வைக்கு இறுக்கமாகத் தெரியும், பிடி இருக்காது. தம்பி வண்டியின் இரண்டாவது ஸ்டட்டுக்கு ஆனது அதுதான்.

முறுக்கும் விசையை நியூட்டன் மீட்டர் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் அது 10 நியூட்டன் மீட்டர். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போடும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக வேண்டியது அந்த 10 தான். 15 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 7 கிலோ அளவுக்கு இழுத்தாலே அது வந்துவிடும். வாலிபப் பிள்ளை ஒருவர் 25 கிலோ பலத்தில் இழுத்தால் 36-ஐத் தாண்டும். போல்ட் அறுந்து கையோடு வரும், அல்லது அலுமினியத்தில் மரை வழுக்கிப்போகும். அதைவிடப் பெரிய 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 25. ஆக்சிஜன் சென்சாரின் 18 மில்லிமீட்டர் மரைக்குப் பெரும்பாலும் 40 முதல் 50 வரை. இவை தலையில் 8.8 என்று பொறித்த சாதாரண போல்ட்டுகளுக்கும் பொதுவான சென்சார்களுக்கும் உரிய உத்தேச அளவுகள். உங்கள் வண்டிக்கு அதன் சர்வீஸ் புத்தகம் சொல்வதே கணக்கு. பிளாஸ்டிக் பாகத்தில் மாட்டும் சென்சார் ஸ்குருக்களுக்கு இவையெல்லாம் மிக அதிகம்.

நான் கேட்டேன், "இத்தனை வருஷ அனுபவத்தில் உங்கள் கைக்கே அளவு தெரியாதா?" என்று. பாய் சிரித்தார். "காலையில ஒரு கை, சாயங்காலம் களைச்சுப்போனா ஒரு கை. கை சொல்றதக் கேக்காதீங்க, புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைக் கேளுங்க" என்றார். இதற்குப் பௌதிகத்திலும் காரணம் இருக்கிறது. நாம் போடும் முறுக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்விலேயே தீர்ந்துபோகிறது. பத்துப் பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. துரு ஏறிய மரை உராய்வைக் கூட்டும், அதனால் கைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் பிடி வந்திருக்காது. எண்ணெய் பட்ட மரை உராய்வைக் குறைக்கும், அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும். ஆகவே மரையைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். புத்தகம் எண்ணெய் தடவச் சொன்னால் மட்டும் தடவுங்கள்.

அளவு பார்த்து முறுக்கும் கருவி டார்க் ரெஞ்ச். கைப்பிடியில் எண்ணைத் திருப்பி வைத்தால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். மனத் திருப்திக்கு இன்னொரு தடவை இழுப்பவர்கள் அதிகம், அந்த இரண்டாவது 'டிக்' அளவைக் கூட்டிவிடும். கைப்பிடியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், பைப் சொருகி நீட்டக்கூடாது. போல்ட் கழற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. பம்பும் மோட்டாரும் செய்யும் நம் ஊர் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய கருவி. சாலையோரப் பட்டறைகளில்தான் அருமையாகக் காண்கிறோம்.

மூன்று நட்டு இணைப்பு என்றால், மூன்றையும் முதலில் விரலாலேயே ஏற்றிவிடுங்கள். பிறகு மூன்றுக்கும் பாதி அளவு, அதன் பின் மூன்றுக்கும் முழு அளவு என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் இணைப்பு ஒருபக்கம் சாய்ந்து உட்காரும். இன்ஜினோடு சேரும் மேனிஃபோல்ட் என்றால் நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கிப் போக வேண்டும். இதெல்லாம் இன்ஜின் ஆறியிருக்கும்போது. கேஸ்கட் ஒவ்வொரு முறையும் புதியது. சைலன்சர் நட்டுகள் சூட்டைத் தாங்கும் தனி வகை. கடையில் கிடைக்கும் வெள்ளி நிற நட்டைப் போட்டால் சில மாதத்தில் துருவேறி ஒட்டிக்கொள்ளும். ஸ்டட்டும் அப்படியே. கோவையில் தெருவுக்கு ஒரு லேத் இருப்பதால் சாதாரண இரும்பில் கடைந்து போட்டுவிடும் ஆசை வரும். அந்த இடத்துக்கு அது ஆகாது.

சென்சாரைக் கழற்றும்போது இன்ஜின் லேசாகச் சூடாக இருந்தால் மரை இளகி வரும். முதலில் வயர் கப்ளரைப் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் வயர் முறுக்கிக்கொண்டு உள்ளே அறும். பக்கவாட்டில் வெட்டுள்ள சென்சார் சாக்கெட் ஒன்று கிடைக்கும், அதைப் பயன்படுத்துங்கள். மாட்டும்போது நாலைந்து சுற்று கையாலேயே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மரை குறுக்கே ஏறுகிறது என்று பொருள், ஸ்பேனரை எடுக்காதீர்கள். புதிய சென்சாரின் மரையில் பெரும்பாலும் பூச்சு போட்டே வரும், மேலும் கிரீஸ் வேண்டாம். நுனியில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. இணைப்பில் கசிவை அடைக்க சிலிகான் பேஸ்ட் தடவுவது ஒரு பழக்கம். அதன் ஆவி சென்சாரையே கெடுத்துவிடும். கைதவறிக் கீழே விழுந்த சென்சாரையும் மாட்ட வேண்டாம், உள்ளிருக்கும் பீங்கான் விரிந்திருக்கலாம். காற்றுத் துப்பாக்கி வைத்து முறுக்கும் பட்டறையில் சென்சார் வேலை மட்டும் கொடுக்காதீர்கள்.

வண்டி வைத்திருப்பவர்கள் தாங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வந்து, இன்ஜின் சூடேறச் சூடேறக் குறைந்தால், இணைப்பில் இடுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். உலோகம் சூட்டில் விரிந்து இடுக்கை அடைப்பதால் சத்தம் குறைகிறது. கறுப்புத் தீற்றல் தெரிகிறதா என்றும் பாருங்கள். விளக்கு எரிந்து பட்டறைக்குப் போனால், சென்சாரை மாற்றும் முன் அதற்கு முன்னாலுள்ள இணைப்புகளைப் பார்த்தீர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விளக்கை அணைக்கவென்றே கம்ப்யூட்டரை ஏமாற்றும் சிறு கருவி விற்கிறார்கள், கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் பைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி புகை விதி மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம், லைசென்சும் மூன்று மாதத்துக்குத் தகுதி இழக்கும். ஓட்டிப் பிழைப்பவருக்கு மூன்று மாதம் லைசென்ஸ் இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்தத் தம்பி நிலுவையில் ஒரு மாதத்தைக் கட்டிவிட்டார், மீதிக்கு நிர்வாகக் குழு தவணை நீட்டித்திருக்கிறது. இந்த அனுபவத்துக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் இரண்டு டார்க் ரெஞ்ச் வாங்கி வைத்திருக்கிறோம். சிறியது 5 முதல் 25 வரை, பெரியது 20 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், கட்டணமில்லை. பழகாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தம்பியே சொல்லிக் கொடுப்பார். திருப்பித் தரும்போது கைப்பிடி எண்ணைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்து வைத்துத் தாருங்கள், உயர்ந்த எண்ணிலேயே விட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து அடுத்தவருக்கு அளவு தவறிவிடும்.