சாத்தனார் தலைநோவு

மதுரை மாநகரில் கூல வாணிகம் செய்து வாழ்ந்த புலவர் சீத்தலைச் சாத்தனார். நெல், வரகு, தினை முதலிய கூலங்களை விற்றுக்கொண்டே தமிழாய்ந்தவர். மணிமேகலையை இயற்றியவர் எனப் போற்றப்படுபவர். அவரைப் பற்றிக் கதையொன்று வழங்குகிறது. பிறர் கொணர்ந்த நூல்களில் பிழை காணுந்தோறும் அவர் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொள்வாராம். பிழைகள் பெருகின, புண்ணும் ஆறாது சீழ்கொண்டது, தீராத தலைநோவு பற்றிக்கொண்டது. திருக்குறளைக் கேட்டபொழுது அதில் குற்றம் ஒன்றும் காணாமையால் அந்நோவு நீங்கிற்று என்பர்.

சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்றே அறிஞர் பலர் கொள்வர். அதனைச் சீழ்த்தலை எனத் திரித்துக் கட்டிய கதையே இஃது எனல் பொருந்தும். ஆயினும், இக்கதையால் ஒரு நன்மை விளைந்தது. திருவள்ளுவ மாலையில் மருத்துவன் தாமோதரனார் பெயரால் வழங்கும் வெண்பா, இக்கதையைத் தழுவிச் செல்லுங்கால் தலைக்குத்துக்குரிய மருந்து ஒன்றையும் சொல்லிவிடுகிறது. அம்மாலை சங்கப் புலவர் பெயர்களைத் தாங்கினும் பிற்காலத்ததே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. எனினும், அம்மருந்து நம் முன்னோர் அறிந்ததே என்பதில் ஐயமில்லை.

சீந்திற் சர்க்கரை, சுக்கு, தேன் என்னும் மூன்றையும் கலந்து முகர்ந்தால் எவர்க்கும் தலைக்குத்து நீங்கும். சாத்தனார்க்கோ முப்பாலே மருந்தாயிற்று என்பது அப்பாட்டின் கருத்து. மூன்று சரக்குக்கு மூன்று பால் ஈடாக நின்ற நயம் கண்டு மகிழத்தக்கது.

சீந்தில், வேலியிலும் வேம்பின்மேலும் படரும் கொடி. அதன் தண்டை இடித்து நீரிற் கரைத்து வடிகட்டித் தெளியவைப்பர். மேல்நீரை இறுத்துவிட்டு, அடியிற் படிந்ததை மீண்டும் மீண்டும் கழுவி உலர்த்தினால் வெண்பொடி கிடைக்கும். பெயரளவிலேதான் அது சர்க்கரை. உண்மையில் அது மாவுப்பொருளே.

மூன்றனுள் இன்றும் வீடுதோறும் வாழ்வது சுக்கு. அதனைக் கல்லில் நீர்விட்டு இழைத்து நெற்றியிற் பற்றிடுவர். தோலில் எழும் காந்தல் உள்வலியைச் சிறிது மறக்கச் செய்யும். மெல்லிய தோலைப் புண்ணாக்குமாதலின் குழந்தைகட்கு இடலாகாது, கண்ணிலும் படலாகாது. ஒற்றைத் தலைவலிக்குச் சுக்குப்பொடி உட்கொள்ளுதல் பற்றி ஈரானில் 100 நோயாளரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அதில் சுக்கு, வழக்கமான மாத்திரை ஒன்றற்கு ஏறத்தாழ நிகராக வலியைத் தணித்தது. ஓராய்வு கொண்டு முடிவுகட்டுதல் இயலாது எனினும், பாட்டியரின் சுக்கு நகைப்புக்குரியது அன்று என்பது தெளிவு.

நீர்க்கோவையால் வரும் தலைப்பாரத்திற்கு நொச்சித்தழை வேது பிடிப்பர். ஆவியின் வெம்மை மூக்கடைப்பை நெகிழ்த்தும். கொதிநீர் கவிழாது காத்தல் வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவதைக் காண வெயிலில் நெடுநேரம் நின்றார்க்கு வரும் தலைநோவோ வேறு. உடலின் நீர் வற்றியதே அதன் காரணமாதலின், நிழலும் தண்ணீரும் உப்பிட்ட மோருமே அதற்கு மருந்து. அங்கே சுக்குப்பற்று வீண்வேலை.

இயற்கைச் சரக்கு ஆதலால் கேடு செய்யாது என எண்ணுவாரும் உளர். சீந்திலை உட்கொண்ட சிலர்க்குக் கல்லீரல் ஊறுபட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்தது. வழக்கு எவ்வாறாயினும், மருத்துவர் அளவு குறித்துத் தாராத சீந்திற்பொடியை நாள்தோறும் உண்பது தகாது.

சாத்தனார் கதையில் வரும் சீழ்ப்புண் உண்மையாயின், அதனைத் தூய்மைசெய்து சீழ் அகற்றுதலே முதல் வேலை. அதுபோலவே, இதுகாறும் அறியாத கடுநோவு இடியெனத் திடீரென வந்தாலும், காய்ச்சலோடு பிடரி விறைத்தாலும், பார்வை மங்கினாலும், பேச்சுக் குழறினாலும், கைகால் தளர்ந்தாலும், தலையில் அடிபட்டபின் வாந்தி தோன்றினாலும், மூளையில் குருதிக் கசிவோ மூளையுறை அழற்சியோ இருத்தல் கூடும். அந்நிலையில் சுக்கு இழைத்துக்கொண்டிராமல், நோயாளியை அப்பொழுதே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.