ஊராவணமும் அதனை வேண்டிப் பெறும் முறையும்

பாபிலோன் சிறையிருப்பினின்று மீண்ட யூதர், எருசலேமில் இடிந்து கிடந்த தேவாலயத்தை மீளக் கட்டத் தொடங்கிய காலத்து, நதிக்கு இப்புறத்து நாடுகளின் அதிபதியாகிய தத்னாய் என்பான் வந்து, அதற்கு ஆணையளித்தவர் யாவரென வினவினான். கோரேசு மன்னன் அளித்தனன் என்று மூப்பர் விடையிறுத்தனர். அவ்வாய்ச்சொல்லை அவன் ஏற்றானும் அல்லன்; தள்ளினானும் அல்லன். அத்தகைய கட்டளை ஒன்று பாபிலோன் கருவூலத்தில் உண்டோவென ஆராய்ந்து பார்க்குமாறு தரியு வேந்தனுக்கு முடங்கல் போக்கினான். தேடினார்கள், சுருள் அகப்பட்டது. ஆயின் அஃது அகப்பட்ட இடம் பாபிலோன் அன்று. மேதியரின் அக்மேதா நகரத்து அரண்மனை. எஸ்றாவின் ஆகமம் ஐந்தாம் ஆறாம் அதிகாரங்களிற் காணும் இவ்வரலாற்றை ஓய்வுநாட் பாடசாலையிற் கேட்ட நாளில், ஆலயம் கட்டி முடிந்தது ஒன்றே நம் நெஞ்சில் நின்றது. இன்று அதனை மீளப் படிக்குங்கால், ஓராவணம் இருந்தும், அஃது எவ்வூரில் எவ்வறையிற் கிடக்கின்றது என்பது தெரியாவிடின் அஃது இல்லாமையோடு ஒக்கும் என்னும் செய்தியே முன்வந்து நிற்கின்றது. நம் தக்கலைப் பகுதியார்க்கு இச்செய்தி பெரிதும் உரியது. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவாம்.

தமிழ் பயிலும் நமக்கு இதனோடு ஒத்த மற்றொரு காட்சி பெரியபுராணத்தில் உண்டு. திருவெண்ணெய்நல்லூர் முதியவர் காட்டிய அடிமையோலையை நம்பியாரூரர் பறித்துக் கிழித்துவிட, கிழிந்தது படியோலையே என்றும் மூல ஓலை வேறு உளதென்றும் முதியவர் உரைக்கின்றார். அவையத்தார் மூலத்தை வாங்கி, பாட்டனாரின் கையெழுத்தைப் பிறிதோர் ஓலையில் உள்ள எழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே முடிவு கூறுகின்றனர். சமயப் பொருள் ஒருபுறம் நிற்க, மூலம், படி, ஒப்புநோக்கல் என்னும் மூன்றும் நம் முன்னோர்க்கு எத்துணைத் தெளிவாயிருந்தன என்பது வியக்கத்தக்கது. உத்தரமேரூரில் முதற்பராந்தகன் காலத்தே கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டுவித்த கல்வெட்டுகளும், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவர்தம் உறவினர் பெயரையும் குடவோலையில் இடலாகாது என விதிக்கின்றன. ஆனால், குடிமகன் ஒருவன் தானே சென்று அக்கணக்கைக் காட்டுக எனக் கேட்கலாம் என்னும் விதியை நாம் அவற்றிற் காணவில்லை. அது பிற்காலத்து வந்தது.

அவ்வுரிமையை முதன்முதல் சட்டமாக்கிய நாடு சுவீடன், ஆண்டு 1766. அதற்கு முன்னின்று உழைத்த ஆண்டர்ஸ் சிடேனியஸ் என்பார் லுத்தரன் சபைக் குருவானவர் என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நம் நாட்டிலோ 1923ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டமே நெடுங்காலம் அலுவலகக் கதவுகளுக்குத் தாழாயிருந்தது. அரசின் செயலை அறிதல் குடிமக்களுக்கு உரியதென உச்ச நீதிமன்றம் 1975இல் இராஜ் நாராயண் வழக்கில் உரைத்தும், ஏழைமக்கள் தெருவில் அமர்ந்த பின்னரே அவ்வுரை சட்டமாயிற்று. இராஜஸ்தானத்தில் 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் சங்கத்தார், கூலிப்பட்டியல்களை ஊர்மன்றின் நடுவே உரக்கப் படித்தனர். வேலைக்கு வாராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தமை அவ்வாறே வெளிப்பட்டது. 1996இல் பியாவர் நகரில் அவர்கள் நாற்பது நாள் அறப்போர் நடாத்தினர். தமிழ்நாடு 1997இலேயே, பிற மாநிலங்கட்கு முன்னதாக, ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது உண்மையே. விலக்குகள் மிகுந்தமையின் அதனாற் பெரும்பயன் விளையவில்லை. இந்திய நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் உறுப்புகளை யாவரும் எளிதிற் படித்தறியலாமாகலின் இரண்டொன்றே கூறுவாம். விண்ணப்பத்திற்குக் கட்டணம் 10 ரூபாய். நம் மாநிலத்தில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாற் போதும். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளார்க்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கின்றாய் என்று அலுவலர் கேட்டலாகாது. முப்பது நாளில் விடை வரவேண்டும். ஓர் உயிரையோ உரிமை வாழ்வையோ பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்தில். காலங்கடந்து தரும் நகலுக்குக் கட்டணம் வாங்கலாகாது. இவற்றினும் நாம் பெரிதாய் மதிப்பது ‘தகவல் உரிமை’ என்பதற்குச் சட்டம் கூறும் பொருளே. நகல் பெறுதல் மட்டுமன்று; நேரிற் சென்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தலும், குறிப்பெடுத்தலும், நடைபெறும் வேலையைப் பார்வையிடுதலும், அவ்வேலையிற் பயன்படும் பொருளின் மாதிரியைச் சான்றுடன் பெறுதலும் அதனுள் அடங்கும். தெருவிற்கு இடும் தாரும் சல்லியும் ஒரு பிடி வேண்டுமெனக் கேட்கலாம் என்பதை நம் வகுப்பினரிற் பலர் நம்பவேயில்லை.

இனித் தக்கலைக்கு வருவோம். பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராயிருந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பெருமையைத் திருவனந்தபுரத்திற்கு விட்டுக்கொடுத்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளம் உள்ளிட்ட தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் தோன்றியது. நிலம் வந்தது, மக்கள் வந்தனர், ஆவணங்கள் யாவும் ஒருங்கே வரவில்லை. அரண்மனை இன்றளவும் கேரள அரசின் தொல்லியல் துறையினர் ஆட்சியில் உள்ளது. ஆகவே அரண்மனைக் கூரையைச் செப்பனிட்ட செலவை அறிய விழைவோர் கேரளத்துத் துறைக்கு எழுதுதல் வேண்டும்; அதே கோட்டைக்குள் உள்ள தெருவின் சாக்கடைச் செலவை அறிய விழைவோர் பத்மநாபபுரம் நகராட்சிக்கு எழுதுதல் வேண்டும். இரண்டிற்கும் இடையில் இருப்பது ஒரு மதிலே. கட்டணம் செலுத்தும் முறையை ஒவ்வோர் அரசும் தனித்தனியே வகுத்திருத்தலின், நம் மாநிலத்து வில்லையை ஒட்டிக் கேரளத்திற்கு அனுப்புதல் வீணாகும். கடைத்தெருவை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையில் விழுந்த குழியோ நகராட்சியின் குழி அன்று. நெடுஞ்சாலைத் துறையின் குழி. இதனை அறியாது நகராட்சியை வைதுகொண்டே குழியைக் கடப்பார் பலர். பட்டா, புலப்படம், ‘அ’ பதிவேடு ஆகியன வருவாய்த் துறையின்பால் உள்ளன. கிரயப் பத்திரத்தின் நகலும் வில்லங்கச் சான்றும் சார்பதிவாளரிடம் உரிய கட்டணஞ் செலுத்திப் பெறற்பாலன. அவற்றிற்குத் தகவல் மனு வேண்டுவதில்லை.

இன்னும் பழைமையானவை வேண்டுவோர் மலையாள எழுத்தையும் எதிர்கொள்ள வேண்டும். திருவிதாங்கூர்க் காலத்து நிலப்பதிவுகளும் வீட்டுப் பிரமாணங்களும் பெரும்பாலும் அவ்வெழுத்தில் உள்ளன. அதற்கும் முற்பட்டன ஓலைகள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் இல்லத்து ஓலைகளைக் கண்டெடுத்துப் படியெடுத்திராவிடின், நாஞ்சில் நாட்டார் வரிக்கொடுமையை எதிர்த்துக் கூடிய வரலாற்றை நாம் அறிந்திரோம். புலவர் ஒருவர் செய்த பணி அது. தமிழ் ஆனர்ஸ் படிப்பினாற் பயன் யாது என நம்மைக் கேட்பார்க்கு இதனை விடையாகக் கூறுவது நம் வழக்கம்.

இவ்வளவும் நூலறிவாக நின்றிருப்பின் இக்கட்டுரை எழுதத் துணிந்திரோம். தக்கலைக்கு அணித்தாய நம் ஊரில் ஒரு குளம் உண்டு. நம் தந்தையார் நீந்திப் பழகியது. நாமோ கரையில் நின்று கால் நனைக்கும் அளவே அறிந்தோம். ஆண்டுதோறும் தென்கரை உள்வாங்குகின்றது, மண் கொட்டப்படுகின்றது, அதன்மேல் வாழைகள் எழுகின்றன. நண்பர் இருவரோடு சேர்ந்து ஓர் அலுவலகத்திற்கு மனு எழுதினோம். குளம் ஏன் சுருங்கியது, இதற்கு யார் பொறுப்பு, இதுவரை நடவடிக்கை எடாமைக்குக் காரணம் என்ன என்று பதினொரு வினாக்கள். நடையை மெருகிட்டு, உவமை ஒன்றுகூடச் சேர்த்திருந்தோம்! இருபத்தேழாம் நாள் விடை வந்தது: விளக்கமும் கருத்தும் கோருதல் சட்டத்தின்கண் அடங்காது.

சினம் வந்தது, பின் சட்டத்தைப் படித்தோம், பிழை நம்முடையதே எனக் கண்டோம். 2011இல் உச்ச நீதிமன்றம், மாணவர் தம் விடைத்தாளைத் திருத்திய நிலையிற் பார்க்க உரிமையுடையர் எனத் தீர்ப்பளித்த ஆதித்ய பந்தோபாத்தியாயர் வழக்கிலேயே, அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள ஆவணத்தையே பெறலாம். இல்லாத ஒன்றைப் புதிதாய் ஆக்கித் தரவோ, கருத்துரைக்கவோ அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர் என்றும் விளக்கியுள்ளது. விடைத்தாள் பற்றிய பகுதியை நம் விடுதியில் அறியாதார் இல்லை. பிற்பகுதியை அறிந்தார் இல்லை. ‘ஏன்’ என்னும் வினாவிற்கு அலுவலகத்தில் ஏடு இல்லை. ‘எது’ என்னும் வினாவிற்கு உண்டு. தெரு ஏன் பெயர்ந்தது என்னாது, அவ்வேலையின் மதிப்பீடு, ஒப்பந்தம், அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று பெயர் சுட்டி, ஆண்டு சுட்டிக் கேட்டாற் கைக்கு வரும். ஏன் என்பதனை அவற்றிலிருந்து நாமே அறிந்துகொள்ளலாம்.

இரண்டாம் மனு ஐந்தே வரிகள். குளத்தின் இன்றைய பதிவை இணையத்திலேயே பார்த்துவிட்டோம். பட்டாவும் ‘அ’ பதிவேட்டுப் பகுதியும் அரசின் தளத்தில் எவர்க்கும் திறந்துள்ளன. ஆயின் குளம் சுருங்கியதுபோல் பதிவும் சுருங்கியிருக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. ஆகவே மறு சர்வே எண்ணைக் குறித்து, அதற்கு ஒத்த பழைய சர்வே எண் யாது எனக் காட்டும் ஏட்டுப் பக்கமும், 1956க்கு முற்பட்ட பதிவேட்டில் அவ்வெண்ணுக்குரிய பக்கமும், புலப்படத்தின் சான்றிட்ட நகலும் வேண்டினோம். புலப்படம் வந்தது. பழைய பதிவேடு தம்மிடம் இல்லையென்று, மனுவின் அப்பகுதியை மற்றோர் அலுவலகத்திற்கு மாற்றி, அச்செய்தியை நமக்கும் அறிவித்திருந்தனர். ஐந்து நாளுள் அவ்வாறு மாற்றி அனுப்புதல் சட்டம் விதித்த கடமை. அக்மேதாவை நாம் நினைத்துக்கொண்டது அன்றுதான்.

சில வாரங்கள் கழித்து அங்கிருந்து ஒரு பக்கம் வந்தது. பக்கத்திற்கு 2 ரூபாய். முழுதும் மலையாளம். நம்முள் ஒருவர்க்கும் அவ்வெழுத்துத் தெரியாது. அயல்வீட்டு அம்மச்சி, அந்நாளில் மலையாளப் பள்ளியிற் படித்தவர், கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு விரலால் வரி பிடித்து வாசித்தார். எண்ணை வாசித்தார், பரப்பை வாசித்தார், ‘சர்க்கார் வக’ என்று வாசித்து, அடுத்த கட்டத்திற்கு வந்ததும், “இதுக்கு நான் என்னத்துக்கு மக்களே? குளம்னுதானே எழுதியிருக்கு” என்று சிரித்தார். இரு மொழிக்கும் அச்சொல் ஒன்றே. பழைய பதிவிற் கண்ட பரப்பும் இன்றைய பதிவிற் கண்ட பரப்பும் ஏறத்தாழ ஒத்திருந்தன. ஆகவே ஏட்டிற் குளம் சுருங்கவில்லை. கயிறு பிடித்து நாம் அளந்தவரை நிலத்திலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணவில்லை.

விடையே வாராதிருப்பினும், வந்த விடை நிறைவு தாராதிருப்பினும், முப்பது நாளுள் அவ்வலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலர்க்கும், அதன்பின் தொண்ணூறு நாளுள் மாநிலத் தகவல் ஆணையத்திற்கும் முறையிடலாம். தக்க காரணமின்றித் தாழ்த்திய அலுவலர்க்கு நாளொன்றுக்கு 250 ரூபாயாக 25,000 ரூபாய்வரை தண்டம் உண்டு. தாளிலே இது கூரிய வாள். ஆணையத்தில் முறை வரும்வரை காத்திருக்கும் நாள்கள் அவ்வாளை மழுங்கச் செய்கின்றன என்பதையும் மறைத்தலாகாது. தனிமனிதர் பற்றிய செய்தி என்னும் விலக்கு வேறு உண்டு. அது பொதுநலனுக்கு வேண்டுமாயின் தரலாமென முன்னர் அவ்விலக்கினுள்ளேயே எழுதப்பட்டிருந்தது. தரவுப் பாதுகாப்பிற்காக 2023இல் இயற்றிய சட்டம் அவ்வரிகளை நீக்கி விலக்கை அகலமாக்கிவிட்டது. பொதுநலம் மிக்குநிற்பின் எவ்விலக்கையும் கடந்து தரலாம் என்னும் பொதுவிதி ஒன்றே எஞ்சியுள்ளது. புறம்போக்கை வளைத்தவர் பெயரும் தனிமனிதர் செய்தியே என ஓர் அலுவலர் உரைப்பாராயின், இவ்விதியை எடுத்துக்காட்ட மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். இத்துறையில் அச்சமும் இல்லாமல் இல்லை. நிலமோசடிகளை இச்சட்டத்தின் துணையால் வெளிப்படுத்தி வந்த சதீஷ் ஷெட்டி என்பார் 2010 சனவரியில் புனே அருகே கொலையுண்டார். ஆதலின் ஒருவராய் நின்று கேட்பதினும் ஊரார் சிலர் ஒரே ஆவணத்தைத் தனித்தனி மனுவாற் கேட்பது காப்பு என்பது நம் கருத்து.

அலுவலகத்து எழுத்தரைப் பகைவராகக் கொள்வாரும் உளர். பிறரை அச்சுறுத்திப் பணம் பறிக்க நூறு மனு எழுதுவாரும் உளர். இவர்களால் மெய்யான மனுதாரர்க்கும் கெட்ட பெயர். நமக்குப் பழம்பதிவேட்டை எடுத்துத் தந்தவர் ஒரு கீழ்நிலை எழுத்தரே. தூசி படிந்த கட்டுகளை மூன்று நாள் அவிழ்த்துப் பார்த்ததாகக் கூறினார்; அவர் கைகளைப் பார்த்தபோது அது மிகையன்று எனத் தெரிந்தது.

சான்றிட்ட நகல்கள் இரண்டையும் இணைத்து, குளத்தை அளந்து எல்லைக்கல் நாட்டுமாறு விண்ணப்பம் கொடுத்துள்ளோம். அளவர் வரும் நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. தென்கரையில் வாழை குலை தள்ளியிருக்கின்றது.