ஏற்காட்டுச் சரிவில் உடல் எடையும் தசைக்களைப்பும்



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைபவர் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்கிறார். அவ்வுயரத்தை நடந்தே ஏறுவதாகக் கொண்டால், 20 கிலோ மிகை எடை உடையவரின் தசைகள் அந்த மிகையைத் தூக்குவதற்கு மட்டும் 56 கிலோ கலோரி அளவு வேலை செய்தாக வேண்டும். தசை தான் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்ற வல்லது, எஞ்சியது வெப்பமாகிவிடும் என்பதால், உண்மைச் செலவு 225 கிலோ கலோரியை நெருங்குகிறது.

உழைப்பின் எல்லையை உடலியலார் உச்ச ஆக்சிஜன் ஏற்புத்திறனால் அளக்கின்றனர். கடும் உழைப்பின்போது ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவே அது. இருவரிடம் அது 2.7 லிட்டர் என ஒத்திருந்தாலும், 60 கிலோ உடலுக்குக் கிலோ ஒன்றுக்கு 45 மில்லிலிட்டரும், 90 கிலோ உடலுக்கு 30 மில்லிலிட்டரும்தான் கிடைக்கின்றன. எட்டு மணி நேர வேலை இத்திறனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பணிச்சூழலியலின் பொதுவிதி; ஒரே சரிவில் ஒரே வேகத்தில் ஏறும் இருவரில் பருத்தவரே அவ்வெல்லையை முதலில் கடக்கிறார். ஏற்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதும், மார்பையும் வயிற்றையும் அழுத்தும் கொழுப்பை எதிர்த்து மூச்சிழுப்பதற்கே கூடுதல் ஆக்சிஜன் செலவாகிறது என்பதும் அவருடைய சுமையைக் கூட்டுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் கலெக்டர் காக்பர்ன், ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பி, இன்றும் கையால்தான் பறிக்கப்படுகிறது. ஏற்றத்தைப் போலவே இவ்வேலையிலும் உடல் எடை சுமையாகிறது: கிளையை வளைத்துப் பழம் கொய்பவர் கையை நெடுநேரம் உயர்த்தியே வைத்திருக்க நேர்கிறது. ஒரு கையின் எடை உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு எனக் கொண்டால், 60 கிலோ உடையவர் 3 கிலோவையும், 90 கிலோ உடையவர் 4.5 கிலோவையும் வெறுங்கையாகவே தாங்குகின்றனர். இறுகிய தசை தன்னுள் ஓடும் நுண்குழாய்களைத் தானே நெருக்குவதால் குருதியோட்டம் குறைந்து, பாஸ்பேட்டும் அமிலத்தன்மை தரும் அயனிகளும் தேங்கி, தசையின் சுருங்கும் ஆற்றலைக் குன்றச் செய்கின்றன; களைப்பு எனப்படுவது பெரும்பாலும் இதுவே. உடல் பருமன் உடைய பலரிடம், நீடித்து உழைக்கும் மெல்லியக்க இழைகளின் விகிதம் குறைந்தும், இழைகளுக்கிடையே கொழுப்பு படிந்தும், இன்சுலினுக்குத் தசை இசைவது தளர்ந்தும் காணப்படுவதால், அந்நிலை விரைந்து வருகிறது. சுமை தாங்கிப் பழகிய அவர்களின் தொடைத்தசை ஒரு கணத்தில் காட்டும் வலிமை பிறருடையதைவிட மிகுதியாகவே இருக்கக்கூடும். ஆயினும் வலிமையும் தாங்குதிறனும் ஒன்றல்ல.

எனவே மேட்டில் மூச்சு வாங்க நிற்பவரைச் சோம்பேறி என்பது அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் நால்வர் மிகை எடையினர் என்கையில், இச்சொல் எத்தனை பேரைப் புண்படுத்தும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழிப்பதை விடுத்து, நீண்ட ஓய்வு ஒன்றைவிடக் குறுகிய ஓய்வுகள் பலவற்றை இடையிடையே அளிப்பது தேங்கிய கழிவைக் குருதி அகற்ற உதவும். நாள்தோறும் நடப்பவரின் தசையில், எடை சிறிதும் குறையாதபோதும், ஆற்றல் ஆக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் சில வாரங்களிலேயே பெருகத் தொடங்குகின்றன. மாறாக, உணவைக் குறைத்து மட்டும் எடையிழப்பவர் கொழுப்போடு தசையையும் இழக்கிறார்.