வகுப்புத் தேர்வும் ஹோம்வொர்க் கணக்கும் கூகுள் ஃபார்ம்ஸில்

வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் கூகுள் அக்கவுண்ட்டும் இருந்தால் போதும். 40 மாணவர்களுக்கு டெஸ்ட் வைத்து, திருத்தி, எழுதாதவர் யார் என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். இதற்கென சாஃப்ட்வேர் எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். 2016-லிருந்தே கூகுள் ஃபார்ம்ஸில் க்விஸ் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறையை இங்கே பார்ப்போம்.

நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் எஞ்சினியர். சொந்த ஊர் திருவண்ணாமலை. அங்கே ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் என் சித்திக்கு இதை அமைத்துக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு டெஸ்ட் தோற்றால், எந்த இடத்தில் பிழை என்றுதான் முதலில் தேடுவோம். வகுப்புத் தேர்வையும் அதே கண்ணோடு பார்க்கலாம்.

க்விஸ் தயாரிக்கும் முறை

1. கூகுள் ட்ரைவைத் திறந்து, "நியூ" பட்டனை க்ளிக் செய்து "கூகுள் ஃபார்ம்ஸ்" என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

2. "செட்டிங்ஸ்" பகுதியில் "மேக் திஸ் எ க்விஸ்" என்பதை ஆன் செய்யுங்கள். அங்கேயே "கரெக்ட் ஆன்சர்ஸ்" என்பதை ஆஃப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் முதலில் எழுதி முடித்தவர் சரியான விடைகளை மற்றவருக்குக் காட்டிவிடலாம்.

3. முதல் கேள்வியாக ரோல் நம்பரை வையுங்கள். டைப் செய்யச் சொல்லாமல், 1 முதல் 40 வரை "டிராப்-டவுன்" லிஸ்ட்டாகக் கொடுங்கள். எழுத்துப் பிழைக்கே இடமிருக்காது.

4. மற்றக் கேள்விகளை "மல்டிபிள் சாய்ஸ்" வகையில் அமைத்து, "ஆன்சர் கீ" என்பதை க்ளிக் செய்து, சரியான விடையையும் மதிப்பெண்ணையும் குறியுங்கள். "ஷார்ட் ஆன்சர்" வகையில் கவனம் தேவை. 12 என்பதை மட்டும் விடையாகக் கொடுத்திருந்தால், "12 செ.மீ." என்று எழுதிய மாணவருக்குத் தவறு என்றே காட்டும்.

5. ஈமெயில் முகவரி கேட்கும் வசதியையும், "லிமிட் டு 1 ரெஸ்பான்ஸ்" என்பதையும் ஆஃப் நிலையிலேயே வையுங்கள். இரண்டாவதை ஆன் செய்தால் ஒவ்வொருவரும் கூகுளில் லாக்-இன் செய்ய வேண்டும். ஒரே போனில் இரண்டு பிள்ளைகள் எழுதும் வீட்டில் இரண்டாமவர் மாட்டிக்கொள்வார். மேலும், இந்தியாவில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் உதவியின்றி கூகுள் அக்கவுண்ட் தொடங்க முடியாது.

6. "பப்ளிஷ்" செய்து, கிடைக்கும் லிங்க்கைப் பெற்றோருக்கு அனுப்புங்கள்.

விடைகளில் என்ன பார்ப்பது?

தவறான விடைகளையும் யோசித்துக் கொடுக்க வேண்டும். 1/2 + 1/3 எவ்வளவு என்ற கேள்விக்கு 5/6, 2/5, 1/6 என்று மூன்று விடைகள் தருகிறோம் என வைத்துக்கொள்வோம். 2/5 என்பவர் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார். 1/6 என்பவர் பெருக்கியிருக்கிறார். "ரெஸ்பான்சஸ்" பகுதியைத் திறந்தால் எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று படமாகவே தெரியும். 40 பேரில் 22 பேர் 2/5 என்றிருந்தால், அந்தப் பாடத்தை மறுநாள் இன்னொரு முறை நடத்த வேண்டும் என்று பொருள். மார்க் லிஸ்ட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

எழுதாதவர் யார்?

"ரெஸ்பான்சஸ்" பகுதியில் "லிங்க் டு ஷீட்ஸ்" என்பதை க்ளிக் செய்தால் பதில்கள் எல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் வந்து சேரும். அதே ஃபைலில் இன்னொரு ஷீட் திறந்து ரோல் நம்பர்களை வரிசையாக எழுதுங்கள். பக்கத்து செல்லில் "கவுன்ட்இஃப்" ஃபங்ஷனைப் போடுங்கள். அடைப்புக்குறிக்குள் முதலில் பதில்கள் ஷீட்டின் ரோல் நம்பர் காலம், பிறகு கமா, பிறகு அந்த வரிசையின் ரோல் நம்பர் செல். 1 வந்தால் எழுதிவிட்டார். 2 வந்தால் இரண்டு முறை அனுப்பியிருக்கிறார். 0 வந்தால் எழுதவில்லை.

நோட்டில் எழுதும் ஹோம்வொர்க்குக்கு, அடுத்த காலத்தில் "இன்சர்ட்" மெனு மூலம் "செக்பாக்ஸ்" வைத்து, நோட்டு வந்ததும் டிக் செய்துகொள்ளலாம்.

இந்த 0-வை மதிப்பெண் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா போனை வேலைக்கு எடுத்துப் போயிருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம். திருவண்ணாமலையில் பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் கடை போடும் குடும்பங்களின் பிள்ளைகளும் கடையில்தான் நிற்பார்கள். அதனால் கடைசித் தேதியைப் பௌர்ணமியில் வைக்க வேண்டாம் என்று சித்தியிடம் சொன்னேன். 0 வந்த பிள்ளையிடம் முதலில் காரணம் கேளுங்கள். போன் இல்லை என்றால் அதே கேள்விகளைப் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள். விடைகளை நீங்களே ஃபார்மில் பதிந்துவிட்டால் அவரும் கணக்கில் வந்துவிடுவார்.

கவனிக்க

வீட்டில் எழுதும் டெஸ்ட்டில் யார் உதவினார்கள் என்று தெரியாது. எனவே ரேங்க் போட இதைப் பயன்படுத்தாதீர்கள். ஷீட்டின் லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஒருவர் மதிப்பெண்ணை ஊரே பார்க்கும். பெரிய வகுப்புகளில் மாணவர்களுக்குத் தனி அக்கவுண்ட் இருந்தால், 2014-ல் வந்த கூகுள் கிளாஸ்ரூம் வசதியானது. ஒப்படைத்தவர், ஒப்படைக்காதவர் பட்டியலை அதுவே காட்டும்.

முதல் முறை 5 கேள்விகள் மட்டும் வைத்து, உங்கள் வீட்டுப் போனிலேயே ஒருமுறை எழுதிப் பாருங்கள். பிறகு வகுப்புக்கு அனுப்பலாம்.