சிக்கன விளக்கு கற்பிக்கும் பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது, நம் காரைக்கால் கரையோரமும் அதன் சீற்றத்தை உணர்ந்தது. மின்கம்பங்கள் சாய்ந்த ஊர்களில் மின்சாரம் மீளப் பல நாள்கள் ஆயின. இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடிப்பின் இல்லறம் எவ்வாறு நடக்கும்? கடலுக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணம் இதற்கு விடை தருகின்றது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. மண்ணெண்ணெய், பேட்டரி போன்றவற்றிற்கும் தடை வந்தது. அந்நாளில் பிறந்ததே ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சை இட்டு, அது நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய் விட்டனர்; சைக்கிள் டியூபின் வால்வில் திரியைக் கோத்து உள்ளே நிறுத்தினர். கண்ணாடி காற்றைத் தடுத்தது. எண்ணெய் சிந்தாமல் பஞ்சு காத்தது. அச்சிற்றொளியில் மாணவர் தேர்வுக்குப் படித்தனர். செய்தி கேட்பதற்கோ, சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலியை இயக்கினர்.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. கிடைத்த சிறிதளவையும் கல்விக்கும் செய்திக்கும் என அவர்கள் ஒதுக்கி வைத்தனர். இன்று நம் இல்லங்களில் சூரிய ஒளி விளக்கும் கைப்பேசியும் உள்ளன. எனினும் மின்சாரம் நின்ற முதல் இரவிலேயே கைப்பேசியின் மின் பொழுதுபோக்கில் தீர்ந்துவிடுகின்றது. மறுநாள் உறவினரை அழைக்க வழியில்லை. ஆகவே புயல் எச்சரிக்கை வந்தவுடன், இருக்கும் மின்னை எதற்கு முதலில் செலவிடுவது என்பதை இல்லத்தார் கூடி முடிவு செய்வோமாக!