ரெய்டும் ரோடும் ஒரே சொல்!



நம்ம பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஆங்கிலச் சொல் எது? 'ரெய்டு'தான். "ரெய்டு வருதாம்"னு ஒருத்தர் சொன்னால் போதும், பாதித் தெரு கதவைச் சாத்திவிடும். அகராதியில் 'திடீர்த் தாக்குதல், திடீர்ச் சோதனை' என்று பொருள் போட்டிருக்கிறது. இது எப்படிப் பிறந்தது தெரியுமா?

பழைய ஆங்கிலத்தில் 'ராட்' என்றொரு சொல் இருந்தது. குதிரையேறிப் போவது என்று அர்த்தம். அது இங்கிலாந்தில் 'ரோடு' ஆச்சு, வடக்கே ஸ்காட்லாந்தில் 'ரெய்டு' ஆச்சு. சவாரியைக் குறிக்கும் 'ரைடு'ம் இதே குடும்பம்தான். அந்த இரண்டு நாட்டு எல்லையில் இருந்தவர்கள் குதிரையில் போய் அடுத்த பக்கத்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அதுக்குப் பேர்தான் ரெய்டு. அப்புறம் ஏறக்குறைய மறைந்துபோன இந்தச் சொல்லை 19-ஆம் நூற்றாண்டில் சர் வால்டர் ஸ்காட் தம் நூல்களில் எழுதி மறுபடி பரவச் செய்தார்.

மாடு ஓட்டுவது என்றதும் நமக்கு வெட்சித் திணை ஞாபகம் வரணும்! வெட்சிப்பூ சூடிப் பகைவரின் ஆநிரையைக் கவர்வது. தொல்காப்பியப் புறத்திணையியலில் முதல் திணையே இதுதான். கவர்ந்ததை மீட்பவர் சூடுவது கரந்தைப்பூ. அவர்களுக்கு ரெய்டு, நமக்கு வெட்சி. பூ வைத்துக்கொண்டு போனது நாம் மட்டும்தான்!

கடலிலும் ரெய்டு உண்டு. 22.9.1914 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் திடீரென்று சென்னைக்கு வந்து 100-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அன்றிலிருந்துதான் கெட்டிக்கார ஆளை "அவன் பெரிய எம்டன்"னு சொல்கிறோம்.

இப்போது நம் ஊர் ரெய்டுக்கு வருவோம். வீட்டில் வைத்துக் கருந்திரி திரிக்கிறார்களா, உரிமம் இல்லாமல் வெடி செய்கிறார்களா என்று போலீசும் அதிகாரிகளும் பார்ப்பார்கள். குரோஸ் கணக்கில் திரியை எடுத்துப் போவார்கள். இது வெட்சியா, கரந்தையா? திரி திரித்துத்தான் சோறு என்கிற வீட்டில் கேட்டால் வெட்சி என்பார்கள். அவர்கள் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் 5.9.2012 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அது ஆலை, வீடுகூட இல்லை. அங்கேயே அப்படி என்றால், அடுப்பும் கைப்பிள்ளையும் இருக்கிற வீட்டுக்குள் கருமருந்தை வைத்தால் என்ன ஆகும்? அதனால் நான் கரந்தை என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று. 2016-இல் திருத்திய சட்டப்படி 14 வயது முடிந்தாலும் 18 வரை வெடிமருந்து வேலைக்கு யாரையும் வைக்கக் கூடாது. நம் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு 14 வயசு. ரெய்டுக்கு வருகிறவர்கள் திரியை மட்டும் தேடவில்லை, நம்மளையும் சேர்த்துத்தான் தேடுகிறார்கள்.