நீரின் நஞ்சறியும் ஒளியிழை

1841ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் டேனியல் கொலாடோன் என்னும் இயற்பியல் அறிஞர், தொட்டியின் துளைவழியே பீறிட்ட நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்திக் காட்டினார். நேர்கோட்டில் செல்லும் இயல்புடைய ஒளி, தாரை வளைந்த வழியே தானும் இறங்கிச் சென்றது. நீரும் காற்றும் கூடும் எல்லையில், மாறுநிலைக் கோணத்தினும் மிகுந்த கோணத்தில் படும் ஒளி வெளியேற இயலாமல் உள்ளேயே திரும்புகிறது. இதுவே முழு அக எதிரொளிப்பு. பின்னாளில் நீர்த்தாரையின் இடத்தைக் கண்ணாடி இழை பெற்றது. நீரில் கண்ட அவ்வியல்பு, இன்று நீரையே சோதிக்கப் பயன்படுகிறது.

அச்சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா கடற்கரையே சான்று. அங்கிருந்த வேதித்தொழிற்சாலை ஒன்று 1932 முதல் பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. கடல்நீரின் நிறம் பாதரசத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. மீனின் சுவையும் காட்டிக்கொடுக்கவில்லை. மீனுண்ட பூனைகள் வலிப்புற்று மடிந்தன. 1956இல் மனிதரைத் தாக்கிய நரம்பு நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவாயிற்று. கரிமப் பாதரசமே காரணம் என்று 1959இல் ஆய்வாளர் சுட்டினர். ஆயினும் கழிவு நின்றது 1968இல்தான்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறைப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் காரீயம் 0.01 மில்லிகிராமுக்கும் பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கும் மிகுதல் ஆகாது. இத்துணை நுண்ணிய அளவை ஆய்வகக் கருவிகள் துல்லியமாகக் கூறும். ஆனால் நீரைப் புட்டியில் அடைத்து அவ்விடம் கொண்டுசெல்ல வேண்டும். முடிவு வரும்போது ஆறு வேறு நீராக ஓடிக்கொண்டிருக்கும்.

ஒளியிழை உணரியோ நீர் இருக்கும் இடத்திற்கே செல்கிறது. இழையின் நடுவே உள்ளகமும் அதைச் சூழ ஒளிவிலகல் எண் குறைந்த உறையும் உள்ளன. செய்தித்தொடர்பில் ஒளி சிறிதும் வெளியேறாதிருத்தல் வேண்டும். உணரியில் அது சற்றே வெளியை எட்டிப் பார்த்தல் வேண்டும். இதற்காக இழையின் சிறு பகுதியில் உறை நீக்கப்படுகிறது. உள்ளே எதிரொளிக்கும் ஒளியின் புலம், எல்லைக்கு அப்பால் தன் அலைநீளத்தினும் குறைந்த தொலைவுவரை பரவித் தேய்ந்துவிடும். அக்குறுகிய வெளியில் நிகழும் மாற்றம், இழையின் மறுமுனையில் வரும் ஒளியில் பதிகிறது. இழையைக் கொண்டையூசிபோல் வளைத்தால் இவ்விளைவு மேலும் வலுப்பெறும்.

உறை நீங்கிய இடத்தில் ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிப்பில் பொன் படலம் பூசுவதும் உண்டு. குறிப்பிட்ட நிறத்தொளி பொன்னின் எலக்ட்ரான்களை அலைவுறச் செய்து, அங்கேயே உறிஞ்சப்படுகிறது. பொன்மீது உலோக அயனி வந்து ஒட்டினால், உறிஞ்சப்படும் நிறம் சற்றே இடம்பெயரும். அப்பெயர்ச்சியை நிறமாலைமானி அளந்து கூறும்.

அயனியை ஒட்டவைப்பது எங்ஙனம்? பாதரசமும் கந்தகமும் கூடியதே சாதிலிங்கம். சித்த மருத்துவர் நன்கறிந்த அந்த நாட்டத்தைக் கொண்டே, கந்தகம் பொதிந்த சேர்மங்களைப் பூசிப் பாதரச அயனியைப் பிடிக்கின்றனர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசான் காரீயம் முதலிய பல அயனிகளைப் பற்றும்.

இந்தப் ‘பல’ என்பதில்தான் இடர் உள்ளது. செம்பும் துத்தநாகமும் அதே இடத்தில் வந்து அமரக்கூடும். அப்போது கருவி எதைக் கண்டதென்று கூறவியலாது. தூய நீரில் செம்மையாக இயங்கிய உணரி, ஆற்றில் பாசி படிந்து தடுமாறும். வெயிலேறி நீர் வெப்பமுற்றாலே ஒளிவிலகல் எண் மாறும். நஞ்சு இல்லாதபோதும் அளவீடு அசையும். ஆதலின் இரண்டு இழைகளை அருகருகே அமைப்பர். ஒன்றில் அயனியைப் பற்றும் பூச்சு இருக்கும், மற்றொன்றில் இராது. வெப்பம் இரண்டையும் ஒருங்கே தாக்கும். இரண்டின் வேறுபாட்டைக் கணித்தால் உலோகத்தின் பங்கு பெரிதும் தனித்துத் தெரியும்.